நூற்றிருபது எழுத்துப் பெட்டி

பத்ரிநாராயணன் செல்போனைக் கண்ணிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துப் படித்தபோது, அம்புலி பார்சல் ஆபீசின் மயிலாப்பூர் கிளையில் அவரைத் தவிர நாலு பேர் நின்றிருந்தார்கள். காலை பத்தேகால். அவர் அரசாங்கத்தில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது பதவி மட்டும்தான், குரல் இன்னும் தினமும் வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தது. "நாய் ஒண்ணும் பண்ணாது. சார்தான் குலைப்பாரு. பயப்படாம பெல்லடி" என்று, சுற்றறிக்கையைப் படிப்பதுபோல ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நிறுத்திப் படித்தார். புடவைப் பெட்டி அனுப்ப வந்திருந்த பெண் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அவளுடைய தோள் குலுங்கியது.

"இதை யார் எழுதினா?"

மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த தேவானை பேனாவை மூடி வைத்தாள். எழுதியது அவள்தான். மூன்று வருஷம் முன்னால், ஒரு வியாழக்கிழமை. ஆனால் அது எழுதப்பட்டது பத்ரிநாராயணனுக்கு அல்ல. அவர் வீட்டுக்குப் பார்சல் கொண்டுபோகும் செம்பியனுக்கு.

"இன்னா சார் இது, உங்க போனுக்கு எப்படி வந்துது?"

"உங்க கம்பெனிதான் அனுப்பியிருக்கு. 'உங்கள் முகவரி குறித்து எங்களிடம் உள்ள தகவல் சரியா?' கீழே 'சரி', 'தவறு'ன்னு ரெண்டு பட்டன்."

"நீங்க எதை சார் அமுக்கினீங்க?"

"தவறுதான். நாய் போய் எட்டு மாசம் ஆறது." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நேர்ல சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன். உங்க ஆளுங்க இன்னும் நாய் இருக்கறதா நினைச்சிண்டு கேட்டுக்கு வெளியிலேயே நிக்கறான்கள்."

மற்ற விஷயத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதில் திருத்துவதற்கு எதுவும் இல்லை என்று நினைத்திருக்கலாம்.

அம்புலியில் தேவானைக்கு இருபத்து மூன்று வருஷம். லஸ் முனைக்கும் கோயில் குளத்துக்கும் நடுவில், ஒரு தையற்கடைக்கும் நகல் எடுக்கும் கடைக்கும் இடையில் ஒடுங்கிய அந்த அறைக்கு முதலில் வந்தபோது, சுவர் முழுக்க மரத்தட்டி. அறுபத்து நாலு கண்ணறை. ஒவ்வொன்றின் நெற்றியிலும் பச்சைப் பெயின்டில் தெருவின் பெயர். காலையில் சாக்கு வரும். பிரித்துக் கொட்டினால் பத்தே நிமிஷத்தில் அத்தனையும் அதனதன் தெருவுக்குள் போய் உட்கார்ந்துவிடும். முகவரியைக்கூட முழுசாகப் படிக்க மாட்டாள், பெயரின் முதல் இரண்டு எழுத்து போதும். அந்தந்த வீட்டுக்கு யார், எந்த நேரத்தில், எப்படிப் போக வேண்டும் என்பது அதற்கடுத்த வேலை. கடைக்காரர்கள் கொடுத்த நாலைந்து தினசரிக் காலண்டர்கள் அவள் தலைக்கு மேலே தொங்கும். நேற்றைய தாளைக் கிழித்து, அதன் முதுகில் பென்சிலால் எழுதி, ஆளுக்கு ஒன்றாகக் கொடுப்பாள். மேல்வீட்டு பெல்லை அடித்தால் கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார், இருவரும் அண்ணன் தம்பி. இந்த வீட்டில் மத்தியானம் ரெண்டிலிருந்து நாலு வரை தூக்கம். அந்த வீட்டில் மாமியார் கையில் கொடுக்காதே, பிரித்துப் பார்த்துவிட்டு ஒட்டி வைப்பார். டெலிவரிக்குப் போகிறவர்கள் சாயங்காலம் திரும்பும்போது அந்தத் தாள் வேர்வையில் நனைந்து கந்தலாகியிருக்கும், இல்லாவிட்டால் வழியில் கடலை வாங்கி மடித்திருப்பார்கள். இன்றைய வம்பு இன்றோடு போயிற்று. நாளைக்கு வேறு தாள்.

இதை வம்பு என்று சொன்னால் தேவானைக்குக் கோபம் வரும். அவளைப் பொறுத்தவரை இது வேலை. யார் வீட்டில் யார் எத்தனை மணிக்கு இருப்பார்கள் என்று தெரியாமல் பார்சல் கொடுக்க முடியுமா? அதைத் தெரிந்துகொள்ளும்போது ஏன் அந்நேரம் வீட்டில் இருக்கிறார்கள், ஏன் இல்லை என்பதும் சேர்ந்து தெரிந்துவிடுகிறது. அது அவள் குற்றமா? தெரிந்ததில் பாதியை அவள் தேடிப் போய்த் தெரிந்துகொண்டாள் என்பது வேறு விஷயம்.

நாலு வருஷம் முன்னால் பழைய முதலாளி கிளைகளை ஒரு பெங்களூர்க் கம்பெனிக்கு விற்றார். பெயர்ப்பலகையில் 'பார்சல்' போய் 'லாஜிஸ்டிக்ஸ்' வந்தது; எல்லோர் கழுத்திலும் அடையாள அட்டை தொங்கியது; மரத்தட்டி பழைய சாமான்காரரிடம் போயிற்று. அதற்குப் பதிலாக 'திசை' என்று ஒன்று வந்தது. பார்சலை ஸ்கேன் செய்தால் அதுவே தெருவைப் பிரித்து, வரைபடத்தில் கோடு போட்டு, யார் முதலில் எங்கே போக வேண்டும் என்று சொல்லும். பயிற்சி கொடுக்க வந்தவன் நிரஞ்சன். அப்போது மீசைகூடச் சரியாக முளைக்காத முகம். இப்போது ஏரியா மேனேஜர்.

வந்த புதிதில் திசை திண்டாடியது. மெட்ரோவுக்குத் தோண்டித் தகரம் அடித்த தெருக்களின் வழியாகக் கோடு போட்டது. மத்தியானத் தூக்கத்தில் இருக்கும் வீடுகளுக்கு இரண்டரை மணிக்கு ஆளை அனுப்பியது. முன்பெல்லாம் நூறு பார்சலில் எண்பது முதல் தடவையிலேயே கைக்குப் போய்ச் சேரும். அது அறுபத்தெட்டுக்கு இறங்கியது. மயிலாப்பூர்க் கிளை சிவப்பில் இருக்கிறது என்று பெங்களூரிலிருந்து கேள்வி வந்தது. நிரஞ்சன் ஓடி வந்து, திரையில் ஒவ்வொரு முகவரிக்கும் கீழே இருந்த ஒரு சின்னப் பெட்டியைக் காட்டினான். வழிக்குறிப்பு. நூற்றிருபது எழுத்து.

"டெலிவரிக்குப் போறவருக்கு எதெல்லாம் உதவுமோ, அத்தனையும் இதுல போடுங்கக்கா."

எதிரே பால் பூத், பக்கத்தில் பிள்ளையார் கோயில் என்று எழுதுவாள் என அவன் நினைத்தான். அத்தனையும் என்று அவன் சொன்னதை அவள் அப்படியே எடுத்துக்கொண்டாள்.

முதலில் ஒற்றை விரலால் தட்டினாள். விரலை மடக்கி எழுத்துகளை எண்ணினாள். ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறைச் சண்டையை நூற்றிருபது எழுத்துக்குள் அடக்கும் வித்தை ஆறு மாதத்தில் கைவந்துவிட்டது. நாலு வருஷத்தில் ஆறாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு குறிப்புகள். கிளையின் கணக்கு அறுபத்தெட்டிலிருந்து ஏறி ஏறித் தொண்ணூற்றாறில் போய் நின்றது. சென்னையில் வேறு எந்தக் கிளையும் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. பெங்களூரில் ஒரு கூட்டத்தில் 'மயிலாப்பூர் மாடல்' என்று நிரஞ்சன் படம் போட்டுக் காட்டி, கண்ணாடிக் கோப்பை வாங்கி வந்தான். வழித்தடக் கணக்கு நன்றாக வேலை செய்கிறது என்று அங்கே எல்லோரும் கைதட்டினார்களாம். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் படிக்கவில்லை. அது தமிழில் இருந்தது.

தேவானைக்கும் திசையைப் பிடித்துப்போயிற்று என்பதுதான் உண்மை. அவள் லீவு போட்ட நாளிலும் அவளுக்குத் தெரிந்தது அங்கே இருந்தது. நேற்று வேலைக்குச் சேர்ந்தவன்கூட, பிறந்ததிலிருந்து இந்தத் தெருவில் புழங்கியவன்போலக் கதவைத் தட்டினான். ஒன்றை மட்டும் அவள் யோசிக்கவில்லை. காலண்டர் தாள் சாயங்காலத்தோடு செத்துவிடும். இது சாகாது.

செவ்வாய்க்கிழமை ராத்திரி எங்கோ யாரோ ஒரு நல்லெண்ணத்தில் திசையைப் புதுப்பித்தார்கள். வாடிக்கையாளரே தன் முகவரித் தகவலைச் சரிபார்க்கட்டும் என்று முடிவெடுத்தார்கள். ஆடித் தள்ளுபடி நேரம், தி. நகர்க் கடைகளின் பெட்டிகள் மலைபோல வந்துகொண்டிருந்தன. புதன்கிழமை காலை, பார்சல் வர வேண்டிய இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகளுக்கு, அந்தந்த வீட்டைப் பற்றித் தேவானை நினைத்திருந்தது செல்போனில் போய்ச் சேர்ந்தது.

செம்பியன் பதினோரு மணிக்கே திரும்பி வந்துவிட்டான். ஹெல்மெட்டை மேசைமேல் வைத்தான்.

"யக்கா, இன்னாத்த எழுதி வெச்சிக்கிற நீ? நாலு வீட்ல என்னை நிக்க வெச்சுப் படிச்சுக் காட்றாங்க. ஒரு அம்மா கேக்குது, 'ஏம்ப்பா, நான் டிப்ஸ் குடுக்க மாட்டேன்னு உங்க ஆபீஸ்ல எழுதியே வெச்சிக்கிறீங்களா'ன்னு."

"நீ இன்னா சொன்ன?"

"நான் இன்னாத்த சொல்ல. அது உண்மைதானே."

"அப்புறம்?"

"அம்பது ரூபா குடுத்துச்சு. எடுத்துக்கினு வந்துட்டேன்."

அன்று முழுக்க ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். தேவானை ஒவ்வொரு நிழல் விழும்போதும் எழுந்து நின்றாள். மருமகள் ஆறு மணிக்கு வருவாள் என்று எழுதியிருந்த வீட்டின் மாமியார் வந்து, அவளுக்கு வேலை மாறிவிட்டது, இப்போதெல்லாம் ஏழரை என்று சொல்லிவிட்டு, பிரித்துப் பார்க்கும் விஷயத்தைப் பற்றி வாயே திறக்காமல் போனார். மூன்று மணிக்கு ஒல்லியாக ஒருவர் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, கையில் சாப்பாட்டுப் பை. பார்த்ததும் தேவானைக்கு யாரென்று தெரிந்துவிட்டது. அவரைப் பற்றி எழுதியது அவளுக்கு மனப்பாடம்: 'சாருக்கு வேலை போயிடுச்சு, வீட்ல சொல்லல. பகல்ல பார்க்குல இருப்பாரு. அங்கயே கையெழுத்து வாங்கு.' அவர் மற்றவர்கள் போகும்வரை காத்திருந்து, மேசைமேல் குனிந்தார்.

"பார்க்குல கொசு ஜாஸ்தியாயிடுச்சுங்க. இப்ப கோட்டூர்புரம் லைப்ரரில இருக்கேன். மாத்திடுங்க."

"சார், நான் வந்து..."

"ரெண்டாவது மாடி. ஏசி இருக்கு" என்றார். போகும்போது திரும்பி, "என் நம்பருக்குத்தானே வந்தது? வீட்டு நம்பருக்கு வரலையே?" என்று கேட்டார். வரவில்லை என்று அவள் சொன்ன பிறகும் கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றார். அந்தச் சாப்பாட்டுப் பையைப் பார்த்தபோதுதான் தேவானைக்கு முதல்முறையாகத் தான் எழுதியதன் கனம் தெரிந்தது.

வியாழக்கிழமை காலை நிரஞ்சன் வந்தான். ராத்திரி தூங்கவில்லை என்பது முகத்தில் இருந்தது. லேப்டாப்பைத் திறந்து அவள் பக்கம் திருப்பினான். இருநூற்றுப் பன்னிரண்டு பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் நேரே ஒரு புள்ளி. பச்சை அறுபத்து மூன்று. சிவப்பு நூற்று நாற்பத்தெட்டு.

"நூத்தி நாப்பத்தெட்டு பேர் 'தவறு' அமுக்கியிருக்காங்கக்கா. பெங்களூர்ல அதை கம்ப்ளைன்ட்டுன்னு எடுத்துக்கறாங்க. நாளைக்கு சாயங்காலம் ஆறு மணிக்கு எல்லாக் குறிப்பையும் அழிக்கச் சொல்லிட்டாங்க. உங்களை..." அவன் தண்ணீர் குடித்தான். "உங்களை ஆதம்பாக்கம் கிடங்குக்கு மாத்தச் சொல்றாங்க. சம்பளம் அதேதான். பெரும்பாக்கத்துலேர்ந்து இங்க வர்றதுல பாதி தூரம்தான் அது. யோசிச்சா உங்களுக்கு நல்லதுதானேக்கா?"

திசையில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொல்லியிருப்பான். அதில் அப்படித்தான் காட்டும். தேவானை பிறந்தது இங்கிருந்து கூப்பிடு தூரத்தில், கால்வாய் ஓரத்தில். ஐந்து வருஷம் முன்னால் அந்த வரிசை மொத்தத்தையும் பெயர்த்துப் பெரும்பாக்கத்தில் அடுக்குமாடியில் வைத்தார்கள். எட்டாவது ப்ளாக், ஆறாவது மாடி. லிஃப்ட் இருக்கிறது, ஓடினால். அங்கே அவளுக்கு எதிர்வீட்டுக்காரியின் பெயர் தெரிந்துகொள்ளவே ஒரு வருஷம் ஆயிற்று. தேவானையைத் தெரிந்தவர்கள் இதை நம்பவே மாட்டார்கள். தினமும் இரண்டு பஸ், ஒன்றரை மணி நேரம். குளக்கரையில் இறங்கி, பூக்கடை வழியாக நடந்து, 'இன்னா தேவானை, லேட்டா?' என்று யாராவது கேட்ட பிறகுதான் அவளுக்கு அன்றைய பொழுது விடியும். கால்வாய் ஓரத்துப் பழைய முகவரிக்கு இன்னும் எப்போதாவது கடிதமோ பார்சலோ வரும். அந்த நாற்பத்து மூன்று வீட்டுக்கும் அவள் குறிப்பு எழுதியிருந்தாள்: 'இந்த வீடு இப்ப இல்ல. பெரும்பாக்கம், இத்தனாவது ப்ளாக், இத்தனாவது மாடி.' யார் எந்த மாடியில் போய் விழுந்தார்கள் என்பது ஒழுங்காக எழுதப்பட்டிருந்த ஒரே இடம் அந்தப் பெட்டிதான். நாளை ஆறு மணிக்கு அதுவும் போகும்.

இதையெல்லாம் அவள் சொல்லவில்லை. "அந்த செவப்புல இன்னா எழுதிக்கிறாங்கன்னு பாத்தியா சார்?" என்று மட்டும் கேட்டாள்.

"எழுதியிருக்காங்களா?"

'தவறு' அமுக்கினால்தான் திருத்தம் எழுதும் பெட்டி திறக்கும். நிரஞ்சன் ஒன்றைத் திறந்தான். 'நாய் இறந்துவிட்டது.' இன்னொன்றை. 'நான்கு மணி அல்ல, நாலரை.' இன்னொன்றை. 'நாங்கள் பாகம் பிரித்துக்கொண்டு சமாதானமாகிவிட்டோம். இனி எந்த பெல்லையும் அடிக்கலாம்.' ஒருவர் தேவானையின் வாக்கியத்திலிருந்த பேச்சு வழக்கையெல்லாம் நீக்கி, சுத்தமான தமிழில் மாற்றி எழுதியிருந்தார். பொருளில் அவருக்கு ஆட்சேபம் இல்லை. மயிலாப்பூரில் ஒரு பிழையைக் கண்டுவிட்டு அதைத் திருத்தாமல் போகிறவர்கள் குறைவு. நூற்று நாற்பத்தெட்டையும் அவன் திறந்து படித்து முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. நடுவில் இரண்டு தடவை சிரித்தான். ஒரு தடவை எழுந்து வெளியே போய் நின்றுவிட்டு வந்தான்.

"இதுல கம்ப்ளைன்ட் ஒண்ணுகூட இல்லக்கா. எல்லாம் அப்டேட். இதை வெச்சு நான் ஒரு மெயில் போடறேன். உங்களை இங்கயே விடச் சொல்லி அடிச்சுப் பேசறேன்." பிறகு விரலைத் திரையின் அடிப்பக்கத்துக்குக் கொண்டுபோனான். சிவப்பும் இல்லாமல் பச்சையும் இல்லாமல் ஒரே ஒரு சாம்பல் புள்ளி. "இவங்க மட்டும் எதையும் அமுக்கல. இந்த ஒருத்தர் நிஜமா கம்ப்ளைன்ட் குடுத்தா என் மெயில் நிக்காது. யாருக்கா இது?"

பெயரைப் படிக்காமலே தேவானைக்குத் தெரியும். விசாலாக்ஷி. சித்திரக்குளத்துப் பக்கம், மாடி வீடு. குறிப்பு: 'மூணாவது படி ஒடஞ்சிருக்கு. வாங்கறது எல்லாம் திருப்பி அனுப்பத்தான். பேச ஆளில்ல. அஞ்சு நிமிசம் நின்னு பேசிட்டு வா.'

பன்னிரண்டு வருஷப் பழக்கம், முகம் பார்த்ததில்லை. எல்லாம் போனில்தான். விசாலாக்ஷி பழைய நாளில் டெலிபோன் எக்சேஞ்சில், வெளியூர் அழைப்புக்கு லைன் போட்டுக் கொடுக்கும் ட்ரங்க் ஆபரேட்டராக இருந்தவர், எழுபத்தைந்து தாண்டிவிட்டது, அக்கா பெண் ஹம்சா அடையாறிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் வந்துபோவாள், சில ஞாயிற்றுக்கிழமைகளில். குக்கர், மேசை விளக்கு, குடை என்று மாதத்துக்கு மூன்று நாலு பெட்டி வரவழைப்பார். இரண்டு நாள் கழித்து, நிறம் சரியில்லை, பிடி சரியில்லை என்று திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லி ஆபீசுக்குப் போன் செய்வார். அந்தப் போன் இருபது நிமிஷம் ஓடும். குக்கரைப் பற்றி ஒரு நிமிஷம். ஊரைப் பற்றிப் பத்தொன்பது. தேவானைக்குத் தெரிந்த பாதி விஷயம் அங்கிருந்து வந்ததுதான்.

புதன்கிழமையும் வியாழக்கிழமையும் செம்பியன் போய் பெல் அடித்தான். உள்ளே விளக்கு எரிந்தது, கதவு திறக்கவில்லை. மூன்றாவது தடவையும் திறக்காவிட்டால் பெட்டி அனுப்பிய இடத்துக்கே போய்விடும். வெள்ளிக்கிழமை நாலு மணிக்குத் தேவானை அந்தப் பெட்டியைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள். ஆறு எவர்சில்வர் ஸ்பூன்.

"நீயா போற?" என்றான் செம்பியன். "படி பாத்துக்க. மூணாவது ஒடஞ்சிக்கினு கீது."

"நான் எழுதினதை எனக்கே சொல்றியா?"

இத்தனை வருஷம் எத்தனையோ பேரை எத்தனையோ வீட்டுக்கு அனுப்பியவள், ஒரு வீட்டின் படிகூட ஏறியதில்லை. தெருமுனைவரை அவளுக்கு எல்லாம் தெரியும். அதற்கு மேல் எல்லாம் கேள்விப்பட்டதுதான். அவள் மனசில் கட்டி வைத்திருந்த வீட்டில் கைப்பிடி இடதுபக்கம் இருந்தது. இங்கே வலதுபக்கம். மூன்றாவது படிக்கு வந்ததும் குறிப்பின் ஞாபகத்தில் காலைத் தூக்கித் தாண்டப் போனவள் நின்றாள். படி உடைந்திருக்கவில்லை. புதுசாகச் சிமென்ட் பூசியிருந்தது. காய்வதற்குள் ஏதோ பூனை நடந்து போயிருக்கிறது. நாலு குட்டிப் பாதம் அச்சாகப் பதிந்திருந்தது. எத்தனை நாள் ஆயிற்றோ. செம்பியன் குனிந்து பார்க்காமல் தாண்டித் தாண்டியே போய்க்கொண்டிருந்திருக்கிறான். யாரும் சொல்லவில்லை.

பெல்லை அடிக்காமல், கதவருகே போய், "மாமி, தேவானை" என்றாள்.

தாழ்ப்பாள் விலக நேரமாயிற்று. சின்ன உருவம், பருத்திப் புடவை, கழுத்தில் கயிறு கட்டிய மூக்குக் கண்ணாடி. மேலும் கீழும் பார்த்தார்.

"நீதானா. குரலைக் கேட்டு இன்னும் உசரமா இருப்பேன்னு நினைச்சிண்டிருந்தேன்."

தேவானை உள்ளே போய் நின்றாள். கூடத்தில் மேசை, நாற்காலி, எதிரே இன்னொரு நாற்காலி. அந்த இரண்டாவதன்மேல் ஒரு துண்டுகூடக் கிடக்கவில்லை. எப்போதும் யாராவது வந்து உட்காரலாம் என்று துடைத்து வைத்ததுபோல இருந்தது. செம்பியன் இதில்தான் உட்காருவான் போலிருக்கிறது. மேசையில் செல்போன். திரை எரிந்துகொண்டிருந்தது.

"அஞ்சு நிமிஷம்னு எழுதியிருக்கே" என்றார் விசாலாக்ஷி. "அது யார் கணக்கு?"

"மாமி, அது பசங்களுக்கு எழுதினது. உங்களுக்கு வரும்னு எனக்குத் தெரியாது."

"எனக்கு வரலைன்னா சரியாயிடுமா?" குரலில் சூடு இல்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. "முப்பத்தாறு வருஷம் எக்சேஞ்சுல இருந்தேன். லைன் போட்டுக் குடுத்துட்டு, சத்தம் சரியா இருக்கான்னு கேக்கணும். கேட்டா எல்லாம் கேக்கும். யாருக்கு யார் பணம் அனுப்பல, யார் ஆத்துல கல்யாணம் நின்னுது, எல்லாம். இந்தத் தெருவையே என்னால ரெண்டாக்கியிருக்க முடியும். ஆனா எழுதி வெக்க மாட்டோம், தேவானை. சீட்டுல நம்பரும் நிமிஷமும்தான் போடுவோம்."

தேவானை பெட்டியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள். தப்பு என்று சொல்லிவிடத்தான் வந்தாள். வாயைத் திறந்தபோது வேறு வந்தது.

"எழுதலன்னா, புதுசா வர்றவனுக்கு எப்படி மாமி தெரியும்? அவன் பெல்லடிச்சு, பெட்டிய வாசல்ல கடாசிட்டு ஓடிக்கினே இருப்பான். ஒரு நாளைக்கு எழுவது வீடு அவனுக்கு. நிக்கச் சொல்லி யாராவது சொல்லணுமில்ல."

கீழே தெருவில் காய்கறி வண்டிக்காரரின் ஒலிபெருக்கி தக்காளி, தக்காளி என்று சொல்லிக்கொண்டே போயிற்று. அது தேயும்வரை இருவரும் கேட்டார்கள். இருவருக்குமே காது அப்படிப்பட்டது.

"உக்காரு" என்றார் கடைசியில். தேவானை அந்தத் துடைத்த நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தாள். "உனக்கு என்ன ஆச்சு இதனால?"

"ஆதம்பாக்கம் கிடங்குக்கு மாத்தறாங்களாம்."

"உனக்கு அது கிட்டக்கதானே?"

"கிட்டக்கதான் மாமி."

"அப்பறம் என்ன?"

"அங்க யாரையும் தெரியாது. பொட்டி மேல நம்பர்தான் இருக்கும்."

விசாலாக்ஷி மெல்லத் தலையாட்டினார். "எஸ்டிடி வந்தப்ப எங்களையும் கூப்பிட்டு அப்படித்தான் சொன்னா. இனிமே எல்லாரும் நேராப் பேசிப்பா, உங்களுக்கு வேலை மிச்சம்னு. கணக்குப் பிரிவுல கொண்டு உக்கார வெச்சா. மின்விசிறிக்கு நேர் கீழ. எல்லாரும் சௌகரியமா இருக்கான்னு கேட்டா. சௌகரியமாத்தான் இருந்தது." கண்ணாடிக் கயிற்றை நேராக்கிக்கொண்டார். "காதுதான் சும்மா இருந்தது."

பிறகு ஓடிபி வந்திருக்கிறதா என்று பார்த்து, ட்ரங்க் லைனில் சொல்வதுபோல ஒவ்வொரு எண்ணாக, நடுவில் சரியான இடைவெளி விட்டுச் சொன்னார். நாலு. பூஜ்யம். பூஜ்யம். ஏழு. தேவானை தட்டினாள். பெட்டி கைமாறியது. அவர் அதைப் பிரிக்கவில்லை. திருப்பி அனுப்புவதைப் பற்றியும் பேசவில்லை. அந்த சாம்பல் புள்ளியைப் பற்றித் தேவானையும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். மேசைமேல் போன் எரிந்துகொண்டுதான் இருந்தது. இரண்டு பட்டன்களும் அங்கிருந்தே தெரிந்தன. பெரும்பாக்கத்திலிருந்து இதற்காகத்தான் வந்தாள் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் எதிரில் உட்கார்ந்திருப்பவரிடம், உங்களைப் பற்றி நான் எழுதியது உண்மைதானே, சரி என்று அமுக்குங்கள் என்று எப்படிக் கேட்பது? சுவர்க்கடிகாரம் ஐந்தே முக்கால் காட்டியபோது எழுந்தாள். உட்கார்ந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள்.

கதவு சாத்தும் சத்தம் கேட்டது. தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்கவில்லை. தேவானை வலதுபக்கக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். கீழ்ப்படிகளுக்கு வந்தபோது கையிலிருந்த செல்போன் அதிர்ந்தது. நிரஞ்சன் அவளுக்கும் பார்க்கக் கொடுத்திருந்த பட்டியல் அது. அடியிலிருந்த புள்ளி சாம்பலாக இல்லை. சிவப்பாகியிருந்தது. தவறு. அதற்குக் கீழே திருத்தப் பெட்டி இன்னும் வெறுமையாக, ஒரு சின்ன வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

அவள் அங்கேயே நின்றாள். ஆறு மணிக்கு இன்னும் பத்து நிமிஷம். மாடியில், சாத்திய கதவுக்குப் பின்னால், அந்தக் குரல் கேட்டது. எழுதுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுகிறவர் போலும், ஆபரேட்டர் பழக்கம். ஒவ்வொரு எழுத்தாக, நடுவில் சரியான இடைவெளி விட்டு.

"மூ... ணா... வ... து... ப... டி..."

பிறகு ஒன்றுமில்லை. அடுத்த எழுத்தை எங்கேயோ தேடிக்கொண்டிருந்தார் போலிருக்கிறது. தேவானை கீழே பார்த்தாள். பூனையின் நாலு பாதத்துக்கும் நடுவில் அவள் கால் இருந்தது. மிதித்துவிடாமல் மெல்ல ஒதுங்கி, சுவரோடு சுவராகச் சாய்ந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, காதை மேலே அனுப்பிவிட்டுக் காத்திருந்தாள்.